புடிச்சிருக்கியாடி

நேற்று பெரம்பலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் முழங்காலில் வலித்தைலம் தேய்த்துக்கொண்டார். அந்தக் காரமான வாசனையில், வண்டி கிளம்புவதற்குள் நான் தொண்ணூற்றெட்டாம் வருடத்துக்குப் போய்விட்டேன்.

அப்போது கல்லூரியில் எங்கள் பை முழுக்க இந்த வாசனைதான். கபடி அணியை உற்சாகப்படுத்த பெண்கள் குழு ஒன்று வைத்திருந்தார்கள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கீழே மூன்று பேர், அவர்கள் தோளில் இரண்டு பேர், உச்சியில் கலர் காகிதக் குஞ்சத்தோடு ஒருத்தி. நான் கீழ்வரிசையில் நடு ஆள், உடம்பு அப்படி. இப்போதும் அப்படித்தான், மேலே ஏறத்தான் ஆளில்லை.

உச்சியில் நின்றவள் எறையூர் செல்வி. கரும்பு வெட்டப் போகிறவரின் மகள். உடற்கல்வி படித்து டீச்சராக வேண்டும், அதுதான் அவள் பேச்சு. ஆனால் போட்டி நெருங்கினால் சோறு இறங்காது, கால் நடுங்கும். அதற்கு அவளே ஒரு வழி வைத்திருந்தாள். ஏறுமுன் என்னைக் குனிந்து பார்த்துக் கேட்பாள்.

"புடிச்சிருக்கியாடி?"

"புடிச்சிருக்கேன், ஏறுடி."

"பொய் சொன்னீன்னா ஒன் தலையிலதான் வுழுவேன்."

எல்லோரும் சிரிப்போம். சிரித்தபின் அவள் கால் நடுங்கியதில்லை.

எத்தனை நொடியில் ஏறினோம், யார் சறுக்கினார்கள் என்று நோட்டில் குறிப்பது என் வேலை. இப்படிப்பட்ட குழுக்களுக்கென்று அரியலூரில் வைத்த போட்டியின் விதித்தாளையும் நான்தான் வரிவரியாகப் படித்தேன். ஏறும்போது பேசினால் மதிப்பெண் குறையும் என்றிருந்தது. சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மிஸ்ஸிடம் காட்டினேன்.

"அரை நிமிஷம் வாய மூடிட்டு ஏறேன் செல்வி," என்றார் மிஸ்.

"கேக்கலேன்னா பயமா இருக்கு மிஸ்."

"ஒரு நாளுதானடி," என்றது நான்.

போட்டியன்று காலை நோட்டில் எழுதினேன்: செல்வி, இட்லி பாதி. விசில் ஊதினார்கள். என் தொடையில் வைத்த பாதம் சில்லென்று ஈரமாக இருந்தது, நடுங்கியது. குனிந்து என்னைப் பார்த்தாள். வாய் திறந்தது. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

ஏறினாள். ஒரு குஞ்சத்தைத் தூக்கினாள். அடுத்ததைத் தூக்குமுன் விழுந்தாள், வலது முழங்கை தரையில் மோத.

மாவுக்கட்டுப் பிரித்தபின்னும் அந்தக் கையை முழுசாக நீட்ட முடியவில்லை. உடற்கல்விப் படிப்புக்கு ஆள் எடுத்தபோது அவளை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். சில வருடம் கழித்துப் பெரம்பலூர் மார்க்கெட்டில் பார்த்தேன். காய்கறிப் பை இடது கையில்.

"என்னடி, இன்னும் எல்லாத்தையும் எழுதுறியா?"

"எழுதுறேன்டி."

"எழுது, எழுது," என்று சிரித்துவிட்டுப் போனாள். அதன்பின் பார்க்கவில்லை.

குழுவை அந்த வருடமே கலைத்துவிட்டார்கள். மைதானத்தில் இப்போது வகுப்பறைகள். நோட்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். அந்த நாளின் பக்கத்தில் கடைசி வரி: பேசியதற்கு மதிப்பெண் குறைப்பு, இல்லை. நான் தலையாட்டியதை எங்கும் எழுதவில்லை.