முழங்கைக்கு ஒரே ஆள்

நான் எப்பேர்ப்பட்ட மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வயதில், புது ரீவி வந்த மட்டைப்பெட்டியில் ஏறிக் குந்தி, நோர்வேயில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த அம்மருட் மேட்டில் இருந்து பனியில் சறுக்கினேன். எப்படி நிற்பாட்டுவது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. விளக்குக் கம்பம் நிற்பாட்டியது. முழங்கை முறிந்தது. பிளாஸ்டரை வெட்டிய பிறகும் கை நீள மறுத்தது.

"இப்பிடியே வளைஞ்சு நிண்டிடுமோ?" என்று அம்மா எந்த நேரமும் என் கையையே பார்த்தபடி இருந்தார்.

கையை நீட்டிப் பழக்க, கிழமைக்கு ஒருமுறை பிசியோவிடம் போனோம். போகும்போதெல்லாம் புது ஆள். எல்லோரும் சிரித்தபடி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எப்படி முறிந்தது? எனக்கோ கொண்டாட்டம். முதல் ஆளுக்கு மட்டைப்பெட்டி. அடுத்த ஆளுக்கு, தங்கச்சியைக் காப்பாற்றப் பாய்ந்த கதை. எனக்குத் தங்கச்சியே இல்லை. அதற்கடுத்த உயரமான பெண்ணுக்கு, என்னைத் துரத்திய எல்க் மான். கதை முடிய அரைவாசி நேரம் போய்விடும். மிச்ச நேரத்தில் துவாயால் மேசையை முன்னும் பின்னும் துடைக்கச் சொல்வார்கள். அந்த முதற் பயிற்சியில் நான் சூரன். இரண்டாவது பயிற்சி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

"ஒவ்வொரு கிழமையும் முதல்லை இருந்து தொடங்கினால் கை எப்ப நீளுறது?" என்று அம்மா புறுபுறுப்பார். வெளியே போகும் வழியில், சேவை எப்படி என்று கேட்கும் ஒரு பொத்தான் பெட்டி இருந்தது. பச்சை முகம் சிரிக்கும், சிவப்பு முகம் அழும். புறுபுறுத்த வாய் மூடமுதலே அம்மா பச்சையை அமத்திவிடுவார்.

"சிவப்பை அமத்தினால் அந்தப் பிள்ளையளை ஏசுவினமெல்லே, பாவம்."

கடைசியில், நான் எல்க் கதை சொன்ன அன்று, அம்மா பொறுக்கமாட்டாமல் தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், ஒரே ஆள்தான் வேண்டும் என்று வரவேற்பு மேசையில் கேட்டார். அங்கிருந்தவர் திகைத்துப்போனார். இங்கே எல்லோருக்கும் திருப்தி, ஒருவரும் குறை சொன்னதில்லையே என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் நகரவில்லை.

அடுத்த கிழமை அதே உயரமான பெண் வந்தார். நான் தொண்டையைச் செருமி, கள்ளன் ஒருவன் எங்கள் வீட்டுக்குள் புகுந்ததில் இருந்து தொடங்கினேன்.

"போன கிழமை எல்க் எண்டனீ," என்றார் அவர் நோர்வேஜிய மொழியில். "மேசை துடைச்சதும் காணும். இண்டைக்கு அடுத்தது."

வளைந்த கையைப் பிடித்து நீட்டுவதுதான் அடுத்தது என்று அன்றுதான் தெரிந்தது. தூரத்தில் இருக்கும் ரொம்மன் வரைக்கும் கேட்டிருக்கும், அப்படிக் கத்தினேன். அதற்குப் பிறகு கிழமைதோறும் அவர்தான். கிழமைதோறும் கை கொஞ்சம் நீண்டது. நான் அதைக் கவனிக்கவில்லை. என் கதைகளுக்கு ஆளில்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஒருநாள் ரயிலில் அம்மாவிடம் முறையிட்டேன். "இவ சரியில்லை அம்மா. மற்ற ஆக்கள் எவ்வளவு நல்லவை, நான் சொன்னதெல்லாத்தையும் நம்பினவை. வேறை ஆளைக் கேப்பமே?"

அம்மா என் முழங்கையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன்னை நம்பாத ஆள்தான் எனக்கு வேணும்."