நாற்பது வயதுக்கு மேல்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். இதை எழுதும்போதும் சூடாகத்தான் இருக்கிறது. எல்லாம் நடந்து முடிந்து இரண்டு சீசன் போய்விட்டது, இன்னும் ஆறவில்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால் பெரிய வரிசையே சொல்வேன். அந்த வரிசையில் முதல் ஆள் நான்.

தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊரில், சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் குடியிருக்கிறேன். தினமும் காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு சின்ன ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷன் வேலை பார்க்கிறேன். லேத்திலிருந்து வரும் பாகத்தை அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் சிவப்பு பெயின்ட். தலைகீழாக நின்றாலும் இவனிடம் தப்பான சாமானுக்குக் கையெழுத்து வாங்க முடியாது என்று அங்கே எனக்கு ஒரு பெயர். ஊருக்குள்ளும் அந்தப் பெயர் வந்து சேர்ந்திருந்தது. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டேனே தவிர, எனக்கு அதில் பெருமை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஃபுட்பால். எங்கள் ஊரில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கென்று தனியாக ஒரு கப் நடக்கும். தொப்பை வைத்தவர்கள், முட்டியில் கட்டுப் போட்டவர்கள், சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் ஆடுவோம். சுரங்கக் கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று அடித்தால் பாதி கிரவுண்டு கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் ஜனங்கள் வந்து நிற்பார்கள், பெயர் சொல்லிக் கத்துவார்கள். நான் எங்கள் டீமின் கேப்டன். ஆறு வருஷம் ஆடியும் ஒரு தடவைகூட ஃபைனல் பார்த்ததில்லை.

அந்த வருஷம் என் மனைவியின் தம்பிதான் டீமுக்கு மேனேஜர். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"மாமா, நம்ம கம்பெனியில வண்டி ஓட்டறாரு. ஃபார்வர்டு ஆடுவாரு. நாப்பத்தொண்ணு ஆகுது."

அந்த ஆளுக்குத் தலையில் பாதி முடி இல்லை. மீசையில் இரண்டு நரை. நான் ஆதார் நகலைப் பார்த்தேன், நாற்பத்தொன்று என்றுதான் இருந்தது. டீம் லிஸ்டின் கீழே, மேலே கண்ட அனைவரும் நாற்பது வயது நிறைந்தவர்கள் என்று உறுதி கூறுகிறேன் என ஒரு வரி இருக்கும். அதன் கீழே கேப்டன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். கமிட்டி செக்ரெட்டரி லிஸ்டை வாங்கி, படிக்காமலேயே ஃபைலில் வைத்தார்.

"உங்க டீம்னா செக் பண்ணணுமா இன்னா? நீங்க கையெழுத்துப் போட்டா போதும்" என்றார்.

அன்றைக்கு அது எனக்கு இனித்தது.

அந்த ஆள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முதல் மேட்சில் மூன்று கோல், இரண்டாவதில் இரண்டு. எங்கள் ஆட்கள் மூச்சு வாங்கி இடுப்பில் கை வைத்து நிற்கும்போது அவன் மட்டும் நின்ற இடத்தில் குதித்துக்கொண்டிருப்பான். "உடம்பை நல்லா வெச்சிருக்கான்" என்று பேசிக்கொண்டோம். செமி ஃபைனலும் ஜெயித்தோம். கூட்டம் எங்களைத் தோளில் தூக்கியது. நாற்பத்தேழு வயதில் ஒருத்தர் தோளில் ஏறி உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ரயிலில் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பங்காரப்பேட்டை தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தான்.

"அண்ணா, உங்க ஃபேக்டரியில ஆள் எடுக்கறாங்களாமே. எனக்கு ஒண்ணு சொல்லி வையுங்களேன்."

"முப்பத்தஞ்சு வயசு வரைக்கும்தான் எடுப்பாங்க" என்றேன்.

"அதான் அண்ணா. எனக்கு இன்னும் மூணு வருஷம் கீதே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். "உங்களுக்குத் தெரியும்னு நெனைச்சேன் அண்ணா" என்றான்.

முப்பத்திரண்டு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவனிடம் எதுவும் கேட்கவில்லை. மச்சானுக்கு போன் போடவில்லை. ஃபைனலுக்கு நான்கு நாள் இருந்தது. நான்கு நாளில் ஒருவரிடம்கூட வாய் திறக்கவில்லை. பயம் காரணமில்லை. ஜெயிக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு நியாயமும் என்னிடம் கிடையாது.

ஃபைனலில் எதிரே மைசூர் மைன்ஸ் பக்கத்து டீம், அதுவும் எங்கள் ஊருக்குள்தான். அவர்களுடைய கோல்கீப்பருக்கு நாற்பத்தாறு வயது. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு, சாயங்காலம் அதே வெள்ளைச் சட்டையோடு கிரவுண்டுக்கு வந்து, அங்கே ஜெர்ஸி மாற்றிக்கொள்வார். இருபது வருஷமாக எனக்கு அவரைத் தெரியும். வாடா போடா என்றுதான் பேசிக்கொள்வோம்.

இரண்டாம் பாதியில் ஒரு பந்து தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டிப் போனது. கோல்கீப்பர் வெளியே ஓடிவந்தார். எங்கள் ஆளும் பாய்ந்தான். நாற்பது வயதுக்காரன் அந்தப் பந்துக்கு எட்டியிருக்க மாட்டான், பாதி தூரத்திலேயே விட்டிருப்பான். இவன் விடவில்லை. பந்தைத் தட்டிவிட்டான், வந்த வேகத்தில் நிற்க முடியாமல் முழு உடம்போடு அவர் காலில் போய் மோதினான். சத்தம் எனக்குக் கேட்டது. பந்து தானாக உருண்டு கோலுக்குள் போனது. ரெஃப்ரி கோல் கொடுத்தார். எங்கள் பக்கம் ஆர்ப்பாட்டம். கோல்கீப்பரின் முழங்காலுக்குக் கீழே கால் இருக்கக் கூடாத மாதிரி மடங்கிக் கிடந்தது.

அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மீதி மேட்ச் நடந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். மாலை போட்டார்கள், கப் கொடுத்தார்கள், நான் அதைத் தலைக்கு மேலே தூக்கினேன். போட்டோவில் சிரிக்கிறேன். அந்தப் போட்டோவை வீட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டேன், ஆனால் ஊரில் எத்தனை பேர் போனில் இருக்கிறதோ.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் ராடு வைத்திருந்தார்கள். என்னைத் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பையன் மேல தப்பில்லப்பா. எனக்குதான் வயசாயிடுச்சு. அவனும் நம்ம வயசுதானே? எப்படி ஓடறான் பாரு. நான் உடம்பை விட்டுட்டேன். வேன்ல குந்திக் குந்தி வீணாப் போயிட்டேன். டாக்டர் கையில இனிமே ஒழுங்கா எக்சர்சைஸ் பண்றேன்னு சொல்லியிருக்கேன்."

அவருடைய மனைவி பக்கத்தில் நின்று, "நான் எத்தனை வாட்டி சொன்னேன், இந்த வயசுல ஆட்டம் வேணாம்னு" என்று அவரையே கோபித்துக்கொண்டார். அவர் வெட்கப்பட்டு மெத்தையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

கால் உடைந்தவன் வெட்கப்படுகிறான். உடைத்த டீமின் கேப்டன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய் நிற்கிறேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சீக்கிரம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்.

அடுத்த வாரம் ஃபேக்டரியில் ஒரு லோடு சாமான் அளவு குறைவாக வந்திருந்தது. மயிரிழைதான் குறைவு, ஆனால் குறைவு. சிவப்பு பெயின்ட் டப்பாவை எடுத்தேன். புரொடக்ஷன் மேனேஜர் வந்து என் தோளில் கை போட்டார்.

"வேற யாரு கையெழுத்துப் போட்டாலும் கஸ்டமர் திரும்ப அளந்து பாப்பான். நீங்க போட்டா பாக்க மாட்டான். அதுக்குத்தான் உங்களைக் கேக்கறேன்."

எனக்குக் காது சூடானது. என்னை யோக்கியன் என்று சொல்லி, அந்த யோக்கியத்தனத்தை வைத்தே திருடப் பார்க்கிறான். கமிட்டி செக்ரெட்டரியும் இதைத்தானே சொன்னார்? மச்சான் என்னையே கேப்டனாக விட்டுவைத்ததும் இதற்குத்தானே? புதிதாக வந்தவனின் ஆதார் நகல்கூட இரண்டாவது போலிதான். டீமில் இருந்த முதல் போலிச் சர்ட்டிபிகேட் என் பெயர். பத்து வருஷமாக நான் சேர்த்து வைத்த நல்ல பெயரை ஒரு முப்பத்திரண்டு வயசுக்காரன் போட்டுக்கொண்டு ஆட நான் கொடுத்திருக்கிறேன்.

லோடு முழுவதுக்கும் சிவப்பு அடித்தேன். மேனேஜர் கத்தினார். நானும் கத்தினேன், அவர் கேட்டதற்குத் தேவையானதைவிட அதிகமாகவே. அதில் பாதி எனக்கு நானே கத்தியது என்று அவருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே மச்சான் வீட்டுக்குப் போனேன்.

"அவனுக்கு முப்பத்திரண்டுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"எல்லா டீமும் பண்றாங்க மாமா. நம்ம மட்டும் இன்னா?"

"எல்லா டீமும் கால் உடைக்கலையே."

"அது ஆக்சிடென்ட். கேம்னா அடிபடும். நீங்களும்தானே கப்பைத் தூக்கினீங்க?"

அடிக்கக் கை ஓங்கினேன். இறக்கிக்கொண்டேன். அவன் சொன்னது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அவ்வளவு கோபம்.

கமிட்டி செக்ரெட்டரியிடம் போனேன். அவர் கன்னடத்தில், "ஆய்த்து, பிடி" என்றார். முடிந்துவிட்டது, விடுங்கள் என்று அர்த்தம். ஜெர்ஸி எடுத்துக் கொடுத்த பெரிய மனிதருக்குத் தெரிந்தால் அடுத்த வருஷம் கை விரித்துவிடுவாராம். டோர்னமென்டே நின்றுவிடுமாம். "ஊருக்காகப் பாருங்க" என்றார். கால் உடைந்தவர் எந்த ஊர் என்று கேட்டேன். அவர் ஃபைலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அப்புறம்தான் போக வேண்டிய வீட்டுக்குப் போனேன். கோல்கீப்பர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வாசலில் வேன் கவர் போட்டு நின்றது. அவர் மனைவி டீ கொடுத்தார். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"அவனுக்கு நாப்பது ஆகல. முப்பத்திரண்டுதான். நீ உடம்பை விடலடா. உன் மேல ஒண்ணும் இல்ல."

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"செமி ஃபைனலுக்கு அப்புறம்."

"ஃபைனலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மனைவிதான் முன்னால் வந்து, நான் குடிக்காத டீ கிளாஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். "ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவும் தெரியும்" என்று கட்டிலில் இருந்தவர் சொன்னார், கேள்வியாக அல்ல. எழுந்து வந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் கமிட்டிக்கு ஒரு கடிதமாக எழுதி, கூட்டத்தில் நானே நின்று படித்தேன். எப்போது தெரிந்தது என்பதையும் எழுதியிருந்தேன். எங்கள் டீமே என்னைப் பார்த்துக் கூச்சல் போட்டது. ரிசல்ட்டை ரத்து செய்தார்கள். டீமுக்கு இரண்டு சீசன் தடை, எனக்கு நிரந்தரமாக. சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். மைசூர் மைன்ஸ்காரர்கள் கப்பை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். "லெட்டர்ல வந்த கப்பு எங்களுக்கு எதுக்கு?" என்று அவர்கள் கேப்டன் கேட்டார். மச்சான் ஆறு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் மனைவி எனக்கும் தம்பிக்கும் நடுவில் நின்று அழுதாள். அந்த முப்பத்திரண்டு வயசுக்காரன் மேல் மட்டும் எனக்குப் பெரிதாகக் கோபம் வரவில்லை. ஃபேக்டரியில் வேலை வாங்கித் தருகிறோம் என்று ஆசை காட்டி அவனைக் கூட்டிவந்திருக்கிறார்கள். வேலையும் கிடைக்கவில்லை.

அடுத்த சீசன் பதிவு நாளன்று கிரவுண்டுக்குப் போனேன், கயிற்றுக்கு வெளியே நிற்க. கமிட்டியில் சேர்ந்திருந்த அந்தக் கோல்கீப்பர் பதிவு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கைத்தடி நாற்காலியில் சாய்ந்திருந்தது. ஆதார் மட்டும் போதாது, ஸ்கூல் டி.சி. வேண்டும் என்று அவரே விதி கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று பேரைத் திருப்பி அனுப்பினார். அதில் ஒருவர் அவருடைய டீமின் சென்டர் ஃபார்வர்டு. அந்த ஆள் கெஞ்சினார். "ஒரு வருஷம்தான் அண்ணா கம்மி."

"அப்போ அடுத்த வருஷம் வா" என்று அவர் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர்கள் டீம் முதல் ரவுண்டிலேயே நான்கு கோல் வாங்கித் தோற்றது. மேட்ச் முடிந்து அவர் தட்டுத் தடுமாறி உள்ளே போய், தோற்ற ஒவ்வொருவனுக்கும் கை கொடுத்தார். என் பக்கம் பார்க்கவில்லை. ரயிலடியில் பார்த்தாலும் இன்றுவரை பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவும் முடியாது.

போன மாதம் சலூனில் ஷேவிங்குக்கு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பொதுவாகச் சொன்னார். "முன்ன மாதிரி இல்லீங்க இந்த டோர்னமென்டு. எல்லாம் கெழவனுங்க. ஓட்டமே இல்ல. எவனோ ரெண்டு பேரு நேர்மை நேர்மைன்னு ஆட்டத்தையே கெடுத்துட்டானுங்க."

நான் யார் என்று அவருக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரியும், கத்தியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கெழவனுங்க ஆடற கப்புதான்யா அது!" என்று கத்தினேன். "ஓட்டம் பாக்கணும்னா குதிரைப் பந்தயத்துக்குப் போ. ஒருத்தன் எலும்பு உடையற சத்தம் உனக்குக் கேட்டுச்சா? எனக்குக் கேட்டுச்சு."

அவர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். நான் துண்டை உருவிப் போட்டுவிட்டு, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ரோட்டில் இறங்கி நடந்தேன்.