ரேஸ் காருக்குத் தைலக்காப்பு

புளி கொதிக்கிற வாசனை... அதுவும் அடுக்களையிலிருந்து இல்லை, மாட்டுக் கொட்டிலிலிருந்து!

அறுபதுகளின் நடுவில், கல்யாணமாகி நான் ஸ்ரீரங்கம் வந்த முதல் வருஷம். கொட்டிலில் மாடு இல்லை. என் வீட்டுக்காரர் சிநேகிதரோடு கூட்டாக வாங்கிய பழைய ரேஸ் கார்தான் நின்றது. வாரம் முழுக்கத் திருவெறும்பூர் பக்கம் ஃபாக்டரி வேலை, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் காருக்கு அடியில். அவர் முகத்தைவிடக் காலைத்தான் நான் அதிகம் பார்த்திருப்பேன்.

வருஷம் ஒருமுறை மெட்ராஸ் பக்கம் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ். எங்கள் கல்யாணத்துக்கு முன் நடந்த ரேஸில் பாதியிலேயே ரேடியேட்டர் கொதித்து, ஆவி பறக்கப் பறக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாராம். உள்ளே அவ்வளவு துரு. மாமனார் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"அடுத்த தடவையும் கொதிச்சா, வண்டி வெளியில... மாடு உள்ள."

அதற்குத்தான் புளி வைத்தியம். பித்தளைப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி, ரேடியேட்டருக்குள் புளித்தண்ணீரை ஊற்றி ஊறவைத்து அலசினார். மழை மாதங்களில் வண்டி ஓடாது. சீமையில் குளிர்காலம் வந்தால் தண்ணீரை வடித்துவிடுவார்களாம், உறைந்து எஞ்சின் விரிசல் விடாமல் இருக்க. நம் ஊரில் எது உறையப்போகிறது? மார்கழிக்கு மஃப்ளர் கட்டினால் ஜாஸ்தி! ஆனால் நிற்கிற தண்ணீர் எந்த ஊரிலும் இரும்பைத் தின்னும் என்று, சொட்டு விடாமல் வடித்து, சைக்கிள் பம்பால் ஊதிக் காயவைத்து, எண்ணெய் தடவி மூடிவைத்தார்.

ஐப்பசி பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்தால்... உள்ளே தண்ணீர்!

கூரை ஒழுகி மூடி இடுக்கு வழியாக இறங்குகிறது என்று மேலே ஏறி ஓடு மாற்றினார். அடுத்த ஞாயிறும் தண்ணீர். மறுபடி ஓடு...

காரணம் ஒரு விடியற்காலையில் என் கண்ணில் பட்டது. அம்மா மண்டபப் படித்துறையில் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு வந்த மாமியார், நேரே கொட்டிலுக்குப் போனார். ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். சொம்பிலிருந்த காவேரி ஜலத்தை பக்தியாக உள்ளே விட்டார்.

"துலா மாசத்துக் காவேரிடி. கங்கையே வந்து கலக்கறா. இனிமே எப்படிக் கொதிக்கும்னு பாரு!"

இவரிடம் சொன்னால் அம்மாவைக் கத்துவார். சொல்லாவிட்டால் துரு பிடிக்கும், வண்டி போய்விடும். அந்த வண்டி போனால் இவர் சிரிப்பும் கூடவே போய்விடும் என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே இவரும் பார்த்துவிட்டார். "தொடாதேம்மா அதை!" என்று ஒரு கத்தல். தெருவே திரும்பிப் பார்த்தது.

"பிள்ளைக்கு நல்லது நினைச்சா அதுவும் தப்பா?" என்று மாமியார் உள்ளே போனவர்தான். அன்று அவர் சாப்பிடவில்லை. அதனால் யாருமே சாப்பிடவில்லை.

சாயங்காலம் மெதுவாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா... பெரிய பெருமாளுக்குத் திருமஞ்சனம் உண்டோ?"

"என்னடி கேள்வி இது? மூலவர் சுதையாச்சே, ஜலம் படலாமா? அவருக்குத் தைலக்காப்புதானே."

"வண்டிக்கும் இப்போ தைலக்காப்பும்மா. ரேஸ் வரைக்கும் ஜலம் படக்கூடாது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெருமாளையும் காரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேனே! மாமியார் என்னையே பார்த்தார்... நான் எழுந்து ஓடத் தயாராக இருந்தேன்.

"இதை அந்தக் கடங்காரன் முன்னாடியே சொல்லியிருக்கப்படாதோ?" என்றார். "வா, பசிக்கறது."

மறுநாள் காலை ஒரு கிண்ணம் நல்லெண்ணெயோடு கொட்டிலுக்குக் கிளம்பிவிட்டார். இவர் துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடிய ஓட்டம் இருக்கிறதே... ரேஸில்கூட அவ்வளவு வேகம் போயிருக்க மாட்டார்! நல்லெண்ணெய் ரேடியேட்டருக்குள் போகாமல், பானட் மூடியின் கீலுக்கு இரண்டு சொட்டு விட்டதோடு நின்றது. அதன் பிறகு வண்டிக்கு மாமியார்தான் காவல். மாமனார் ஈர வேஷ்டியைக் கொட்டிலில் உலர்த்தப் போனால்கூட, "ஜலம் சொட்டறது, தள்ளிப் போங்கோ" என்று விரட்டுவார்.

ரேஸ் முடிந்து இவர் திரும்பி வந்தபோது மாமியார் வாசலிலேயே மறித்தார்.

"கொதிக்கலையே?"

"இல்லம்மா. கடைசி வரைக்கும் ஓடித்து."

எத்தனையாவதாக வந்தான் என்று அவர் கேட்கவே இல்லை. (கடைசிக்கு முந்தின இடம்!) மாமனார் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு, மணப்பாறை மாட்டுத் தரகரிடம் வேண்டாம் என்று சொல்லப் போனார்.

போன மாதம் எங்கள் பிள்ளை அமெரிக்கா போனான், வர நாளாகும். அவன் கார் எங்கள் வீட்டில் நிற்கிறது. இவருக்கு எண்பத்தைந்து வயது. வீடியோ காலில் ஆசையாகக் கேட்டார், "ரேடியேட்டர் தண்ணியை வடிச்சு வைக்கட்டுமாடா?"

"அப்பா, இப்பல்லாம் உள்ள கூலன்ட்தான், துரு பிடிக்காது. நீங்க எதையும் தொடாதீங்க."

போனை வைத்துவிட்டு, "தொடக்கூடாதாம்" என்றார் என்னிடம்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே மெல்லச் சொன்னார். "அன்னிக்கு அம்மாவை நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்."