ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார்கள்

முதலில் தெரிந்தது பாதத்தில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெலிகுல் ஓயா வரை சைக்கிளில் போய்த் திரும்பி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டுச் சிமெந்துத் தரையில் நின்றேன். தரை சில்லென்று இருக்கவில்லை. காலுறையைக் கழற்றாமல் விட்டுவிட்டேனோ என்று குனிந்து பார்த்தேன். வெறுங்கால்தான்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

நான் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில் (கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்) வேலை செய்கிறேன். அப்போது எனக்கு வயது இருபத்தேழு. டவுன் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் சதுரிக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவர். சிங்களவர். சித்திரைப் புத்தாண்டுச் சைக்கிளோட்டம் ஒன்றில் பழக்கமாகி, பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே பயிற்சி செய்தோம். மாகாணப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஓடுவது எங்கள் எண்ணம்.

பயிற்சி என்றால் வெறுமனே ஓட்டுவது இல்லை. ஞாயிறுகளில் நீண்ட தூரம், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம். அது தாக்குப்பிடிப்புக்கு. வாரத்தில் இரண்டு நாள் தோட்டத்துக்கு ஏறும் ரோட்டில், நெஞ்சு வெடித்துவிடும் போல மிதித்து ஏறி, மெதுவாக இறங்கி, மறுபடி ஏறுவோம். அது வலுவுக்கு. முதல் ஆண்டில் பாதி ஏற்றத்திலேயே சைக்கிளை உருட்டியவள், இரண்டாம் ஆண்டில் தேங்காய் ஏற்றிவந்த லொறியை முந்தினேன். செய்தால் கிடைக்கும் என்று என் உடம்பே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. இந்த நோயில் என்னை அதிகம் அலைக்கழித்தது அந்த நம்பிக்கைதான்.

காலுறை போன்ற அந்த உணர்வு வருவதற்குச் சில நாட்களுக்கு முன்பு எனக்கு வயிற்றோட்டம் இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தில் நின்றுவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

செவ்வாய்க்கிழமை ஏற்றப் பயிற்சியில் கால்கள் கேட்கவில்லை. வலி இல்லை, மூச்சு வாங்கவும் இல்லை. மிதிக்க நினைக்கிறேன், பாதி பலம்தான் பெடலுக்குப் போகிறது. சதுரி அக்கா பக்கத்தில் வந்து, உடம்பை அளவுக்கு மீறிப் போட்டு அடித்துவிட்டாய், ஒரு வாரம் சைக்கிளைத் தொடாதே என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஓய்வெடுத்தேன்.

ஓய்வெடுக்க எடுக்கக் கால்கள் மோசமாயின. வியாழக்கிழமை பிள்ளைக்காம்பராவில் தரையில் உட்கார்ந்து ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டு எழப் பார்த்தேன். முடியவில்லை. கையை ஊன்றினேன். கையும் மடங்கியது. குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. ஆயாவாக இருக்கும் அக்காதான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.

அண்ணன் தினேஷ் திரீவீலர் ஓட்டுபவர். என்னை அம்மாவோடு பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டர் சின்னச் சுத்தியலால் என் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளவில்லை. இன்னொரு தடவை தட்டினார். பிறகு சுத்தியலை மேசையில் வைத்துவிட்டு, இப்போதே ரத்தினபுரிக்கு அனுப்புகிறேன் என்றார்.

ரத்தினபுரியில் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள் (தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரைச் சோதிப்பது). நரம்புகளில் மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். வந்திருப்பது கில்லான் பரே என்றார்கள் (ஒரு கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் பாதுகாப்புச் சக்தி, திசைமாறித் தன் நரம்புகளையே தாக்குவது). காலில் தொடங்கி மேலே ஏறும். எதுவரை ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூச்சுக்கான தசைகளைத் தொட்டால் ஆபத்து.

அதைக் கண்காணிக்க எளிய வழி ஒன்று வைத்திருந்தார்கள். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நான் சிங்களத்தில் எண்ணினேன். முதல் தடவை ஐம்பதைத் தாண்டினேன். பயிற்சியில் இருந்த இளம் டாக்டர் சிரித்து, இந்த வார்ட்டில் யாருக்கும் இவ்வளவு மூச்சு இல்லை என்றார்.

மறுநாள் காலை நாற்பதில் நின்றது. பிற்பகலில் முப்பதைத் தொட்டபோதே குரல் தேய்ந்தது. ஊதிப் பார்க்கும் கருவியிலும் அப்படித்தான். ஆனால் அவர்களுடைய தாளில் அது இன்னும் நல்ல அளவுதான். சாதாரண ஆளுக்கு அது போதும்.

"இது எனக்குக் கம்மிங்க டாக்டர்" என்றேன்.

நல்லாத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று அந்நேரம் பணியில் இருந்த வேறொரு டாக்டர் ஆறுதலாகவே சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் பழைய மூச்சை அவர் பார்த்ததில்லை. பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அன்று பின்னேரம் மூத்த பெண் டாக்டர் ஒருவர் வந்தார். தாளைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னார். தூக்க முடியவில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் வேலையைச் சொல்லாமல் சைக்கிளைச் சொன்னேன். அவர் அப்படியே நின்று, மறுபடி எண்ணச் சொன்னார். இருபதோடு நின்றுவிட்டது.

"உங்ககிட்ட மூச்சு நிறைய மிச்சம் இருந்திருக்கு. அதுதான் குறையிறத மறைச்சிடுச்சு" என்றார் சிங்களத்தில். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

இதைப் படிப்பவர் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். நேற்று எப்படி இருந்தது என்பதைச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கேட்பவருக்கு அலுத்தாலும் பரவாயில்லை.

அடுத்த நாள் தொண்டைக்குள் குழாய் போட்டு மூச்சு இயந்திரத்தில் இணைத்தார்கள். பிறகு கழுத்தில் துளையிட்டு, குழாயை அங்கே மாற்றினார்கள். பலருடைய இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதத்தை ஐந்து நாட்கள் இரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். நோய் ஏறுவது அதோடு நின்றது. ஆனால் ஏறிய இடத்திலிருந்து அது இறங்கவில்லை. அசைக்க முடிந்தது கண்ணிமைகள் மட்டும். அறிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது.

தலைமாட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த திரையில் என் நாடித்துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும். பயிற்சியால் என் இதயம் மெதுவாகத் துடிக்கப் பழகியிருந்தது. அது குறைவாக இருப்பதைக் கண்டு இயந்திரம் கத்தும். நேர்ஸ் ஓடிவருவார். இது என் வழக்கம், பயப்பட வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. சதுரி அக்கா பார்க்க வந்த நாளில்தான் அவர்களுக்கு அதை எடுத்துச் சொன்னார். அப்படியும் இந்த நோயில் துடிப்பு நிலைதடுமாறும் என்பதால் அவர்கள் ஓடிவரத்தான் செய்தார்கள்.

வாரங்கள் போகப்போக அந்த இலக்கம் ஏறத் தொடங்கியது. ஐம்பதுக்குக் கீழே இருந்தது அறுபதைத் தாண்டி, எழுபதுக்கு மேலே போனது. இயந்திரம் கத்துவதை நிறுத்தியது. நேர்ஸ்மார் நிம்மதியானார்கள். நான் மட்டும் இரண்டு வருட ஏற்றங்கள் ஒவ்வொன்றாகக் கரைவதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடாத இதயம் அப்படித்தான் ஆகும். கண்ணை மூடிக்கொள்வதைத் தவிர அதற்கு நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

தசை செத்தால் வலியும் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நோயில் அப்படி இல்லை. ஒருநாள் துணி மாற்றி என்னைத் திருப்பிப் படுக்க வைத்தபோது இடது முழங்கால் ஒரு பக்கமாக மடங்கி மாட்டிக்கொண்டது. கொதிநீரை ஊற்றியது போல வலி. யாருக்கும் தெரியவில்லை. என் முகத்திலும் அசைவு இல்லை. கண்ணில் நீர் வந்தது. நேர்ஸ் அன்பாகத் துடைத்துவிட்டுப் போனார். அப்படியே பகல் முழுக்கப் போனது.

பார்வையாளர் நேரத்தில் அம்மா வந்தார். தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர், எனக்காக வேலையை விட்டுவிட்டு ரத்தினபுரியில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்தார். என் கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அழுகுறியா, வலிக்குதா? வலிச்சா ஒருவாட்டி கண்ண மூடு."

மூடினேன். அம்மா என் நெற்றியில் கையை வைத்து, இங்கயா என்றார். பிறகு கழுத்து. தோள். ஒவ்வொரு விரல். வயிறு. அவசரப்படவே இல்லை. இங்கயா, இங்கயா என்று இறங்கிக்கொண்டே போனார். நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி வந்து சொன்னார். அம்மா தன் உடைந்த சிங்களத்தில், "பொட்டக் இன்ன மாத்தயா" (கொஞ்சம் பொறுங்க ஐயா) என்றுவிட்டு, என் இடது முழங்காலைத் தொட்டார்.

கண்ணை மூடினேன். மூடியதைத் திறக்க மனம் வரவில்லை.

மூச்சு இயந்திரத்திலிருந்து என்னைச் சிறிது சிறிதாகப் பிரித்தார்கள். தோளும் கைகளும் முதலில் திரும்பின. கழுத்துத் துளை மூடியபின், புனர்வாழ்வுக்கென்று இருக்கும் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே மூலையில், நின்ற இடத்திலேயே மிதிக்கும் பயிற்சிச் சைக்கிள் ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் எனக்கு ஏதோ சொந்தக்காரரைக் கண்டது போல இருந்தது.

ரொஷான் என்ற உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் என்னைத் தூக்கி உட்கார வைத்து, பாதங்களைப் பட்டியால் பெடலில் கட்டினார். இறுக்கம் எதுவும் வைக்கவில்லை. ஒரு சுற்று மிதிக்க எனக்குப் பல தடவை முயற்சி தேவைப்பட்டது. சுற்றியபோது அழுதேன். அடுத்த வாரம் தொடர்ந்து மிதிக்க முடிந்தது. ஒருநாள் அவர் வேறு நோயாளியைப் பார்க்கப் போன நேரத்தில், எனக்குத் தெரிந்த வழியில் போனேன். வேகமாகச் சிறிது, மெதுவாகச் சிறிது, மறுபடி வேகமாக. தொடை எரிந்தது. அந்த எரிவு எவ்வளவு பழக்கமானது என்று சொல்லத் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது.

அடுத்த நாள் கால்களைக் கட்டிலிலிருந்து இறக்கவே முடியவில்லை. அதற்கடுத்த நாளும் முடியவில்லை. பாடுபட்டுச் சேர்த்த வாரங்கள் போய்விட்டன.

ரொஷான் கோபிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தெரிந்த தமிழில் சொன்னார்.

"மிஸ், நீங்க களைச்சா மசில் வளராது. நரம்பு இன்னும் வரல்ல. வராத இடத்துல தள்ளினா உடையும்."

"அப்ப நான் என்னதான் செய்யிறது?"

"ஒன்னும் செய்ய ஏலாது. கொஞ்சம் செஞ்சிட்டு நிறுத்துங்க. நிறுத்துறதுதான் கஷ்டம்."

நரம்பின் மேலுறை மட்டும் கெட்டவர்களுக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும் என்று டாக்டர் விளக்கினார். எனக்கு உள்ளே போகும் இழையே அறுந்திருந்தது. அது முதுகிலிருந்து பாதம் வரை தானாக வளர்ந்து வர வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். என்ன சாப்பிட்டால் சீக்கிரம் வரும் என்று அம்மா கேட்டார். எதுவும் இல்லை என்றார் டாக்டர். அம்மா அதை நம்பாமல், வீட்டுக்கு வந்தபின் முருங்கைக்கீரையும் முட்டையுமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நானும் நம்பாமல் சாப்பிட்டேன்.

மாகாணப் போட்டி நான் படுக்கையில் இருந்தபோதே நடந்து முடிந்திருந்தது. சதுரி அக்கா ஓடினார். எத்தனையாவதாக வந்தார் என்று நான் கேட்டபோது, "அத விடு நங்கி" (தங்கச்சி) என்று பேச்சை மாற்றினார். வேறொருவர் மூலம்தான் தெரியவந்தது, அவர் பாதியிலேயே சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார் என்று. ஏன் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இப்போது ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. தொடைகள் ஓரளவு திரும்பிவிட்டன. பாதங்கள் இரண்டும் இன்னும் மேல்நோக்கி எழுவதில்லை. பிளாஸ்டிக் தாங்கியைச் சப்பாத்துக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு நடக்கிறேன். பிள்ளைக்காம்பராவில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஓடும் குழந்தைகளை ஆயா அக்கா பார்த்துக்கொள்கிறார், தூங்கும் குழந்தைகள் என் பொறுப்பு. போன கிளினிக்கில் டாக்டர், வர வேண்டியதில் பெரும்பகுதி வந்துவிட்டிருக்கும், இனி வருவது கொஞ்சமாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அது ஒரு டாக்டர் சொல்லக்கூடிய மிக மெல்லிய சொல்.

சைக்கிளை விற்கவில்லை. ஓட்டவும் இல்லை.

போன வாரம் கிளினிக்கிலிருந்து திரும்பும்போது, தோட்டத்து ரோட்டின் கடைசி வளைவில் திரீவீலரை நிறுத்தச் சொன்னேன். இங்கிருந்து நடக்கிறேன் என்றேன். அண்ணன் வண்டியை அணைத்துவிட்டு யோசித்தார்.

"ஏத்தமா இருக்கு தர்ஷி. நான் பின்னால மெதுவா வரட்டா?"

"வேணாம். நீ போண்ணே."

அவர் போனார். தடியை ஊன்றி நடக்கத் தொடங்கினேன். பாதத்தைத் தூக்க முடியாததால் முழங்காலை உயர்த்தி, இடுப்பைத் திருப்பி, ஒவ்வொரு காலையும் வைக்க வேண்டும். கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் பெண்கள் பின்னால் வந்தார்கள். என்னை எட்டியதும், பேசிக்கொண்டு வந்தவர்கள் அப்படியே நடையைக் குறைத்து என்னோடு வந்தார்கள். நாள் முழுதும் மலையில் நின்றவர்கள். அடுப்பு மூட்டப் போக வேண்டியவர்கள்.

"நீங்க போங்கக்கா, நான் வர்றேன்" என்றேன்.

கொஞ்ச தூரம் அப்படியே வந்தார்கள். பிறகு ஒருவர் என் கிளினிக் பையை மட்டும் வாங்கிக்கொண்டார். முன்னால் போனார்கள். அவர்கள் குரல் வளைவுக்கு அப்பால் போய், பிறகு கேட்கவில்லை.

ஒரு காலத்தில் இந்த ரோட்டில் ஏறும் நேரம் ஒரு நொடி குறைந்தாலும் கூடினாலும் எனக்குத் தெரியும். இப்போது எங்கே நிற்க நேரும் என்பது கால் நிற்கும்போதுதான் தெரிகிறது. நின்றேன். நடுக்கம் அடங்கட்டும் என்று ரோட்டோர மதகுச் சுவரில் உட்கார்ந்தேன். எழுந்து நடந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். அவசரப்படுத்தினால் கேட்காது என்று தெரிந்துவிட்ட உடம்போடு சண்டை போடவும் அன்று தெம்பில்லை. மேலே லயத்து வரிசை வீடுகளில் விளக்குகள் போட்டுவிட்டார்கள்.

வீட்டை அடைந்தபோது என் பை நாற்காலியில் இருந்தது. அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் எடுத்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.