ஸ்டேப்ளர் அடித்த பாடம்

போன ஞாயிற்றுக்கிழமை பெஹாலாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சப்பாத்தி மாவை உருட்டி என் மகள் ஒரு கருப்பை செய்தாள். பள்ளிக்கூட ப்ராஜெக்ட். பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த என் கணவர், "லெஃப்ட் ஓவரி கொஞ்சம் சின்னதா இருக்கே" என்று திருத்தம் வேறு சொன்னார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

நீங்கள் சிரிக்கலாம். நான் பள்ளியில் படித்த கதையைக் கேட்டால் புரியும். இதே வங்காள ஊரில், டாக்குரியாவில் ஒரு பெண்கள் பள்ளி. உயிரியல் மிஸ்ஸுக்குச் சிறுநீரகம் என்றால் உயிர். அதற்கு மட்டும் மூன்று வாரம். கறிக்கடையில் ஆட்டுக் கிட்னி வாங்கி வந்து பிளேடால் பிளந்து காட்டினார். சைவ வீட்டுப் பிள்ளையான நான் மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் வரிசையில் நின்றேன். நெஃப்ரான் எப்படி ரத்தத்தை வடிகட்டுகிறது, வேண்டிய தண்ணீரும் சர்க்கரையும் எப்படித் திரும்பப் போகின்றன, மிச்சம் எப்படி மூத்திரப்பைக்கு வந்து சேருகிறது, எல்லாம் அத்துப்படி. வடிகட்டி பழுதானால் சிறுநீரில் ரத்தம் வரும் என்பதும்.

அடுத்த பாடம் இனப்பெருக்கம். அன்று மிஸ் சாக்பீஸுக்குப் பதில் ஸ்டேப்ளரோடு வந்தார். ஒவ்வொரு புத்தகத்திலும் நான்கு பக்கங்களைச் சேர்த்து மூன்று பின் அடித்தார். "பாரி கியே போரே நியோ" என்றார் வங்காளியில். வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்ள வேண்டுமாம். பின் அடித்ததை எப்படிப் படிப்பது என்று யாரும் கேட்கவில்லை. மற்றவர்கள் பஸ் ஸ்டாப் போவதற்குள் பிரித்துவிட்டார்கள். நான் முதல் ரேங்க். மிஸ் அடித்த பின்னில் கை வைப்பேனா?

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, பாத்ரூமில் ரத்தம். பயந்தேனே தவிர குழம்பவில்லை. நெஃப்ரான் கிழிந்துவிட்டது, வேறென்ன. உப்பை நிறுத்தினேன், செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன், கலர் பென்சில்களைத் தோழிக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது வேடிக்கையாகச் சொல்கிறேன். பதின்மூன்று வயதில், சாகப் போகிறேன் என்று நிஜமாகவே நம்பி இரண்டு நாள் அழுதேன்.

மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். "அம்மா, என் கிட்னி போச்சு."

அம்மா துணியைப் பார்த்தாள். "கிட்னியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெரியவளாயிட்டே, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றவள் அடுத்த வாரமே ஊரைக் கூட்டினாள். கருப்பை என்ற சொல்லை வாயில் எடுக்காத குடும்பம், ஜாதவ்பூர் வரை லட்டு கொடுத்துச் செய்தியை அறிவித்தது. பட்டுப்புடவையில் என்னை நாற்காலியில் உட்கார வைத்திருந்ததைப் பார்த்து எதிர்வீட்டு வங்காளிக் காக்கிமா, "பியே நாகி?" என்று மிரண்டாள். இந்த வயதில் கல்யாணமா என்று பாவம் அவளுக்குப் பதற்றம். அத்தனை பேருக்கும் தெரிந்தது. எனக்குள் என்ன நடந்தது என்பதை எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

விழா முடிந்த மத்தியானம், ஹேர்பின்னால் அந்தப் பக்கங்களை நெம்பித் திறந்தேன். உள்ளே ஒரு முயல். பாலூட்டிகளுக்கு உதாரணமாம். அதற்குத்தான் இத்தனை காவல். அடுத்த பக்கத்தில் மனிதர்கள். ஆணுக்குச் சிறுநீரும் விந்துவும் வெளியேற ஒரே குழாய். பெண்ணுக்கு இரண்டு வழியும் தனித்தனி. கரு தங்காத மாதத்தில் கருப்பையின் உட்படலம் கழன்று ரத்தமாக வருகிறது. என் நெஃப்ரானுக்கு ஒரு குறையும் இல்லை.

பின்னால் அம்மா நின்றிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் வராது.

"என்ன போட்டிருக்கு? தமிழ்ல சொல்லு."

சொன்னேன்.

"ரெண்டும் வேற வேற வழியா?" என்றாள், என்னைப் பெற்றவள். கருப்பைப் படத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலை எடுக்காமல், "உனக்கப்புறம் ஒண்ணு, அஞ்சாம் மாசத்துல தங்காம போச்சு. ஏன்னு இதுல போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

அப்படி ஒரு குழந்தை உண்டானதே எனக்கு அன்றுதான் தெரியும். கூச்சம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"அதெல்லாம் சிலபஸ்ல இல்லம்மா" என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

அந்தப் பள்ளி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. காக்கிமா மகனோடு பெங்களூர் போய்விட்டாள். அம்மா அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தாள். அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை. இப்போது அவள் இல்லை.