மிளகுக்கு முன்னால் நடந்தது

கொச்சியில் சுள்ளிக்கல் பக்கம் ஒரு பள்ளியில் நான் சரித்திரம் எடுக்கிறேன். ரோமப் பேரரசு சரிந்த கதையில் பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கி.பி. 408-இல் கோத் இனத்துப் படை ரோம் நகரை வளைத்துக்கொண்டது. விலகிப்போக அவர்கள் கேட்ட கப்பத்தில் தங்கம், வெள்ளி, பட்டோடு மிளகும் இருந்தது. "நம்ம மிளகா டீச்சர்?" என்று வகுப்பே கூச்சல் போடும். மிளகு வியாபாரத்துக்குப் பேர்போன மட்டாஞ்சேரிப் பிள்ளைகள் அல்லவா!

அதற்கு முன்னால், அதே வருடம் நடந்தது பாடப்புத்தகத்தில் இல்லை. ரோமுக்காகச் சண்டை போட்ட வெளியினத்து வீரர்கள் முகாமில் இருந்தபோது, ஊர்களில் இருந்த அவர்களுடைய மனைவி மக்களை ரோமர்களே வெட்டிக் கொன்றார்கள். வயிறெரிந்த அந்த வீரர்கள் எதிரிப் படையில் போய்ச் சேர்ந்தார்கள். அதையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவேன். போன வருடம் வரை யாருக்கும் அது உறுத்தியதில்லை.

போன வருடம் எங்கள் சந்தில் ஒடிசாக் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருந்தது. கணவனுக்கு வல்லார்பாடம் கண்டெய்னர் டெர்மினலில் வேலை. மனைவி மீன்காரியிடம் பேசிப் பேசியே மலையாளம் கற்றுக்கொண்டவள். கப்பைக்கிழங்கை எப்படி வேகவைப்பது என்று கேட்க என் வீட்டுக்கு வந்து, பிறகு தினமும் வர ஆரம்பித்தாள். இரண்டு பெண் குழந்தைகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அவள் வீட்டுப் பாயும் குக்கரும் குழந்தைகளின் ஸ்கூல் பைகளும் தெருவில் கிடந்தன. சந்தில் யாருடைய சங்கிலியோ காணாமல் போயிருந்ததாம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். என் பள்ளியிலேயே ஜாக்ரபி எடுப்பவர்.

"இது என்ன அக்கிரமம் சார்? அவ புருஷன் வேலைக்குப் போயிருக்கான். அவன் வரட்டும்."

"அவன் வந்தா அடிதடி ஆகும் டீச்சரே. அதுக்கு முன்னாடி காலி பண்ணி அனுப்பிடணும்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"போலீஸ் எதுக்கு? வெளியாளுங்களை உள்ள விட்டா இப்படித்தான்."

பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: "டீச்சரும் பாண்டிதானே. பின்ன எப்படிப் பேசுவா?"

தமிழர்களை இங்கே இளக்காரமாகப் பாண்டி என்பார்கள். என் அப்பா பிறந்தது இதே மட்டாஞ்சேரியில். தமிழைவிட மலையாளம் எனக்கு நன்றாக எழுத வரும். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அவனை அதட்டவில்லை. சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு, அவளையும் குழந்தைகளையும் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

சாயங்காலம் கணவன் வந்தான். சத்தம் போடவில்லை. "நான் யாரையும் அடிக்க மாட்டேன்னு இவங்களுக்குத் தெரியும் டீச்சர்" என்றான். "தெரிஞ்சும் நான் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்காங்க." அன்றைக்கே ஆட்டோ பிடித்துப் பள்ளுருத்தியில் கூட வேலை செய்பவன் அறைக்குப் போய்விட்டார்கள். சங்கிலி கிடைத்ததா என்று கேட்டால் சந்தில் எல்லோரும் பேச்சை மாற்றுகிறார்கள்.

மறுநாள் வகுப்பில் அந்த ரோமர் கதையை இரண்டு வாக்கியத்தோடு நான் நிறுத்தவில்லை. பீரியட் முழுக்க அதைத்தான் எடுத்தேன். ஆண்கள் இல்லாத வீடு பார்த்துப் புகுந்தவர்களைக் கோழைகள் என்றேன். நேற்று எங்கள் சந்தில் நடந்ததையும் சொன்னேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டார். பக்கத்து நாற்காலியில் ஜாக்ரபி சார்.

"போர்ஷன்ல இல்லாததை எதுக்கு எடுத்தீங்க? சாருக்கு மனசு கஷ்டமாயிடுச்சு. ஒரு சாரி சொல்லி முடிச்சிடுங்க."

"சொல்றேன். முதல்ல சார் என்கூடப் பள்ளுருத்திக்கு வந்து அந்தப் பொண்ணுகிட்ட சாரி சொல்லட்டும்."

ஜாக்ரபி சார் சிரித்தார். உண்மையிலேயே சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வருடம் பிளஸ் ஒன் சரித்திரம் என் கையில் இல்லை. எட்டாம் வகுப்புக்கு இறக்கிவிட்டார்கள். ஜாக்ரபி சார் ஸ்டாஃப் ரூமில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாயா குடிக்கிறார், தினமும் குட்மார்னிங் சொல்கிறார். நான் பதில் சொல்வதில்லை. இன்னும் எத்தனை நாளைக்கு என்று என் கணவர் கேட்கிறார். அந்த ஆள் பள்ளுருத்திக்குப் போகும்வரை என்கிறேன்.