அத்தையின் பீங்கான் பல்

என் அத்தை சிரிக்கும்போதெல்லாம் அவளுடைய இடது கை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்ளும். அப்பாவின் கடைசித் தங்கை அவள். மேல்வரிசை முன்பல்லில் சொத்தை விழுந்து, மிளகு ஒட்டியதுபோல் ஒரு கறுப்பு ஓட்டை. எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும் சுபாவம் அவளுக்கு. அதனால் அந்தக் கைக்கு ஓய்வே கிடையாது.

பாளையம்பட்டியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அப்பாவுக்குப் பல்லின் கவலை பிடித்துக்கொண்டது.

"தங்கத்துல கவர் போட்டுரலாம். வாரவுகளுக்கு நம்ம வீட்டு நெலம சொல்லாமலே தெரியும்" என்றார்.

அத்தை மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டே, "எனக்குப் பல்லு பல்லு மாதிரி இருந்தாப் போதும்ணே. தங்கத்தக் கழுத்துல போட்டுக்கிறேன்" என்றாள்.

அருப்புக்கோட்டைக்குப் புதிதாக வந்திருந்த பல் டாக்டர் பீங்கானை வைத்து அடைக்கிறார் என்று அவள் யாரிடமோ கேட்டு வைத்திருந்தாள். இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு அப்பா இறங்கிவந்தார். அவரும் அத்தையும் புறப்பட்டபோது துணைக்கு நானும் போனேன்.

எங்கள் வீட்டில் பீங்கான் என்றால் ஒரே ஒரு தட்டுதான். விளிம்பு முழுக்க நீலப் பூ. டாக்டர் அப்படி ஒரு தட்டை உடைத்து, சில்லை எடுத்து அத்தையின் பல்லில் பதிப்பார் என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு போனேன். பூ உள்ள சில்லாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே டாக்டர் தையல் மெஷினை மிதிப்பதுபோல் ஒன்றைக் காலால் மிதித்துப் பல்லைக் குடைந்தார். அத்தை என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது. பிறகு அவர் கண்ணாடிப் பலகையில் வெள்ளைப் பொடியைக் கொட்டி, ஏதோ மருந்தைச் சொட்டுவிட்டுக் குழைக்கத் தொடங்கினார்.

"பீங்கான எப்ப ஒடைப்பீக?" என்றேன்.

அவர் குழைப்பதை நிறுத்தாமலே சிரித்தார். "இதுதாம்மா பீங்கான். ஒடைக்கிறதில்ல, கொழைக்கிறது."

பூவைப் பற்றி அதற்குமேல் நான் கேட்கவில்லை. அத்தை நல்ல தும்பைப்பூ வெள்ளையாக வேண்டும் என்றாள். டாக்டர் கொஞ்சம் பழுப்பாகத்தான் வைத்தார். "உங்க ஊருத் தண்ணிக்குப் பல்லெல்லாம் இந்த நெறந்தான், இதுதாம்மா பொருந்தும். வெள்ளி வச்சு அடைச்சா இன்னும் கெட்டியா இருக்கும், ஆனா கறுப்பாத் தெரியும். இதுல கரும்பு கிரும்பு கடிச்சிராதீங்க" என்றார்.

முகம் பார்க்கக் கண்ணாடியைக் கொடுத்தார். அத்தை பார்த்தாள். சிரித்தாள். பழக்கத்தில் எழுந்த இடது கை பாதி வழியில் நின்று, வேலை இல்லை என்று தெரிந்ததுபோல் இறங்கிவிட்டது.

வெளியே அப்பா அவள் வாயை உற்று உற்றுப் பார்த்தார். "எங்க வச்சாரு?" என்றார். அத்தை காட்டினாள். "ஒண்ணுமே தெரியலயே!" ஒரு பொருளை வாங்கி, அது கண்ணுக்கே தெரியாமல் போனதில் அவருக்குப் பெரிய ஏமாற்றம். திரும்பி வரும் பஸ்ஸில் யாருடைய சேவலோ கூடையிலிருந்து பறந்து கண்டக்டரின் தோளில் உட்கார்ந்தது. அத்தை வாய்விட்டுச் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

பெண் பார்க்க வந்த அன்று, தலையைக் குனிந்தே இருக்க வேண்டும், சிரிக்கவே கூடாது என்று அம்மா அவளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். மாப்பிள்ளை பருத்திக் கமிஷன் கடையில் வேலை பார்ப்பவர். கேட்டதற்கெல்லாம் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். "ஊமையா இருப்பாரோ?" என்று அம்மா அடுப்படியில் கிசுகிசுத்தாள்.

மாப்பிள்ளையின் தாயார் அத்தையின் மோவாயைத் தொட்டு நிமிர்த்திப் பேர் கேட்டார். அத்தை வாயைத் திறந்து சொன்னாள். "பொண்ணுக்குப் பல்லு வரிச முத்துக் கோத்த மாதிரில்ல இருக்கு!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அதுல ஒண்ணு பீங்கான்" என்றேன். "அருப்புக்கோட்டையில வச்சது. எதுன்னு கண்டுபிடிங்க பாப்போம்!"

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டேன். அப்போதுதான் அத்தைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், தோள்கள் குலுங்கின, முடியவில்லை. வாயை மூடாமல், குனியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

எதிரே மாப்பிள்ளையின் இறுகிய உதடு மெல்லப் பிரிந்தது. அவரும் சிரித்துவிட்டார். அவருடைய முன்பல்லில் கன்னங்கரேலென்று ஒரு அடைப்பு.

"எனக்கு வெள்ளின்னு சொல்லி வச்சாக, கரியாப் போச்சு" என்றார், முதன்முதலாக வாயைத் திறந்து. "அதான் பேசாம இருந்தேன்."

அந்த ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது.

கல்யாணமான பிறகு அத்தையும் மாமாவும் முதல்முறை விருந்துக்கு வந்தபோது அப்பா மாமாவிடம், "நாளைக்கு டவுனுக்குப் போயி உங்களுக்கும் பீங்கான் வச்சிட்டு வந்துருவோம் மாப்ள" என்றார். இதற்குள் அவர் பீங்கான் கட்சிக்கு மாறியிருந்தார்.

மாமா பதில் சொல்லுமுன் அத்தை குறுக்கிட்டாள். "வேணாம்ணே. அது இருக்கட்டும், அதுல கை வைக்க வேணாம்."

எனக்கு ஆறவில்லை. "ஒனக்கு மட்டும் வெள்ள, மாமாவுக்கு மட்டும் கறுப்பா?" என்று சண்டைக்குப் போனேன். அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள். மாமா தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பாவம், அத்தையை எதிர்த்துப் பேச அவருக்குத் தைரியம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஊருக்குப் புறப்படும்வரை எனக்கு வந்த பலகாரத்தில் எல்லாம் அவருக்குப் பாதி கொடுத்தேன்.